செவலை ஜெயிக்க சடையாண்டி தூங்க வேண்டும்

ஓணாம்பட்டிக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுப்பட்டு ஊர்களில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். மூளை எல்லோருக்கும் இருந்தது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் மாவு மில் நடத்தியவர் சடையாண்டி. அவருக்கு இரண்டு விஷயங்கள் உயிர். ஒன்று தூக்கம். மில் ஓடுகிற சத்தம் காதில் விழுந்தால் போதும், அரிசி மூட்டையில் சாய்ந்தபடியே உறங்கிப்போவார். இன்னொன்று அக்காள் மகன் பூவலிங்கம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை இவர்தான் வளர்த்தார். வளைகுடா நாட்டில் ஒரு பெரிய முதலாளியின் லாயத்தில் குதிரை பார்த்துக்கொள்ளப் போனவன், நாலு வருஷமாக லீவே கிடைக்காமல் அங்கேயே கிடந்தான். வாரம் ஒரு தடவை பேசுவான். சடையாண்டியிடம் இருந்தது பழைய பட்டன் போன் என்பதால் அதில் குரல் வரும், முகம் வராது.

பூவலிங்கம் பார்த்துக்கொண்டது சாதாரணக் குதிரை இல்லை. அதன் அரபுப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஓணாம்பட்டியில் செவலை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மார்கழியில் ஒரு பெரிய பந்தயத்தில் செவலை ஜெயித்திருந்தது. இப்போது பங்குனியில் உலகப் பந்தயம். பத்து நாட்டிலிருந்து பன்னிரண்டு குதிரைகள். செவலைதான் ஜெயிக்கும் என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால் பூவலிங்கம் பேசினான்.

"மாமா, செவலை ஜெயிச்சா முதலாளி எனக்கு ரெண்டு மாசம் லீவு தர்றேன்னிருக்காரு. ஜெயிச்ச குதிரைய நான்தான் புடிச்சு நடத்திட்டு வருவேன். டிவியில காட்டுவாங்க."

"நாங்க என்னடா செய்யணும்? பொங்கல் வைக்கவா, மொட்டை போடவா?"

"ஒண்ணும் புதுசா செய்ய வேணாம் மாமா. போன தடவை எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க. அது போதும்."

வேறு ஊரில் இப்படிச் சொல்லியிருந்தால் சரிப்பா என்று போனை வைத்திருப்பார்கள். இது ஓணாம்பட்டி.

அன்று சாயங்காலமே மில்லை ஒட்டியிருந்த மன்றத்தில் ஆலோசனை கூடியது. ஊருக்குப் பொதுவான டிவி அங்கேதான் இருந்தது. தலைமை, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் நல்லமுத்து. வேலையை விட்டு எட்டு வருஷம் ஆகியும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றாதவர். பேச்சு தொடங்க ஒரு விசில், முடிக்க இரண்டு விசில்.

"பேப்பர்ல செவலைதான் ஜெயிக்கும்னு போட்டிருக்கான்," என்று ஆரம்பித்தார் நல்லமுத்து.

"அப்ப மத்த பதினோரு குதிரையும் எதுக்கு ஓடுது?" என்று கேட்டாள் ஆடு வளர்க்கும் குருவம்மா.

"அதுகளுக்கு விஷயம் தெரியாது. அந்த நாடுகளுக்கு நம்ம பேப்பர் போறதில்ல."

"யாராச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா," என்று வருத்தப்பட்டார் டெய்லர் வேலாயுதம். "வேகாத வெயில்ல பாவம், வாயில்லாச் சீவனுங்க."

"சரி, செவலைக்கு நம்பர் என்ன?"

"ஏழு," என்றார் சடையாண்டி.

நல்லமுத்துவின் முகம் தொங்கிப்போனது. "முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ் பண்ணியிருக்கேன். ஏழாம் நம்பர் வண்டி ஒரு நாள் கூட முதல்ல வந்து நான் பாத்ததில்ல. பாதி நாள் வரவே வராது."

சடையாண்டி எழுந்து நின்றார். மருமகன் போனில் சொன்னதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். கேட்டதும் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

"அதான் வழிய அவனே சொல்லிட்டானே," என்றார் நல்லமுத்து. "போன தடவை செவலை ஓடுறப்ப யார் யார் எப்படி இருந்தீங்க? மறைக்காமச் சொல்லணும்."

நல்லமுத்து அன்றைக்கு ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்து, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு டிவி பார்த்திருந்தார். குருவம்மாவின் ஆடு ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தின்றுகொண்டிருந்தது. வேலாயுதத்துக்குக் கம்பவுண்டர் சொத்தைப்பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு பல்லு சொத்தை இருக்காய்யா?" என்று கேட்டார் நல்லமுத்து.

"எல்லாம் நல்ல பல்லுதான் இருக்கு."

"நல்லதாப் போச்சு. நல்ல பல்லுன்னா குதிரைக்கும் நல்லது. மேல் பல்லாப் பாத்துப் பிடுங்கச் சொல்லு. கீழ்ப்பல்லைப் பிடுங்கி வச்சு, குதிரை தலைகுப்புற விழுந்துறப் போவுது."

வேலாயுதம் தலையாட்டினார். ஊருக்காக ஒரு பல் என்பது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கடைசியில் எல்லோரும் சடையாண்டி பக்கம் திரும்பினார்கள்.

"நீ எப்படிய்யா இருந்த?"

சடையாண்டி மென்று விழுங்கினார். "நான் மில்லு ஓடிக்கிட்டிருந்துச்சா, தூங்கிட்டேண்ணே. எந்திரிச்சதும் மில்லுக்குப் பெல்ட் வாங்க டவுனுக்குப் போயிட்டேன். வியாழக்கிழமை வந்தப்புறம்தான் ஜெயிச்ச சேதியே தெரியும்."

"அப்ப இந்தத் தடவையும் தூங்கு."

"அண்ணே, பந்தயம் எக்கேடும் கெடட்டும். எனக்கு அந்தப் பய மொகத்தப் பாக்கணும்ணே. நாலு வருஷம் ஆச்சு."

"மொகம் பாக்கணுமா, ஆள் வரணுமா?"

இரண்டும் வேண்டும் என்று சொல்ல அந்த ஊரில் இடமில்லை. "ஆள் வரணும்," என்றார் சடையாண்டி. நல்லமுத்து இரண்டு விசில் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலரை மணிக்குப் பந்தயம். நாலு மணிக்கே நல்லமுத்து ஒரு பக்கம் மழுங்கச் சிரைத்து, மறுபக்கம் நுரை பூசி வந்து உட்கார்ந்தார். வெயிலில் நுரை காயக் காய, ஒருவர் புதிதாகப் பூசிக்கொண்டே இருந்தார். பக்கத்து ஊரில் கல்யாண வீடு ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கி வந்த பத்திரிகையை ஆட்டின் முன்னால் வைத்தார்கள். ஆடு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் மஞ்சள் தடவ மறந்திருப்பது அப்புறம்தான் தெரிந்தது. தடவியதும் தின்றது.

சடையாண்டியை மதியமே உளுந்தங்களி, கெட்டித் தயிர் எல்லாம் கொடுத்து மில்லுக்குள் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். மில்லைப் போட்டுவிட்டார்கள். மார்கழி மாதிரி இல்லாமல் பங்குனியில் கரண்ட் குறைவாக வந்ததால், மில் ஓடியதும் மன்றத்து டிவி படம் சுருங்கிச் சுருங்கி ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்து அணைந்துபோனது. மில்லை நிறுத்தினார்கள், டிவி வந்தது. சடையாண்டி எழுந்து உட்கார்ந்தார்.

"மில்லு ஓடணும், ஆனா கரண்ட் இழுக்கக் கூடாது," என்று யோசித்தார் நல்லமுத்து. "வேலாயுதம், நீ வாயாலேயே மில்லு ஓட்டு."

வேலாயுதத்தின் வாயில் அப்போதுதான் பல் போய்ப் பஞ்சு இருந்தது. ஆகவே குருவம்மா மில் வாசலில் நின்று டுர்ர்ர் என்று ஓட்டினாள். நன்றாகவே ஓட்டினாள். இரண்டு பேர் மிளகாய் அரைக்க வாளியோடு வந்துவிட்டார்கள்.

சடையாண்டிக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை. புரண்டு படுத்தார். கண்ணை மூடினால் பதினெட்டு வயதுப் பூவலிங்கம் வந்து நிற்கிறான். இப்போது இருபத்திரண்டாகியிருக்குமே, மீசை வந்திருக்குமா, அக்காள் ஜாடை இன்னும் இருக்குமா என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

நாலு இருபத்தெட்டுக்கு நல்லமுத்து உள்ளே எட்டிப்பார்த்தார்.

"சடையாண்டி, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேண்ணே."

நல்லமுத்து நிம்மதியாகத் திரும்பிப் போனார். "தூங்கிட்டானாம். அவனே சொன்னான்," என்று மன்றத்தில் அறிவித்தார்.

மில்லுக்கும் மன்றத்துக்கும் நடுச்சுவரில், முன்பு மில்லின் பெல்ட் போன வழியில் ஒரு ஓட்டை உண்டு. சடையாண்டி கட்டிலை விட்டு இறங்கி, பூனை மாதிரி நடந்து போய் அதில் ஒரு கண்ணை வைத்தார்.

குதிரைகள் கிளம்பின. செவலை கடைசிக்கு முந்தின இடத்தில் ஓடியது. மன்றத்தில் எல்லோரும் ஏழாம் நம்பரைத் திட்டினார்கள். கடைசித் திருப்பத்தில் செவலை வெளிப்பக்கமாக ஒதுங்கி ஒவ்வொன்றாகத் தாண்டியது. சடையாண்டிக்கு மூச்சு நின்றுவிட்டது. உடனே தூங்குகிற ஆளுக்கு மூச்சு நிற்கக் கூடாது என்று ஞாபகம் வந்து, ஓட்டையில் கண்ணை வைத்தபடியே குறட்டை விட்டார். செவலை ஒரு கழுத்து முன்னால் போய் ஜெயித்தது.

அப்புறம் அவன் வந்தான். செவலையைப் பிடித்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மெல்லிய மீசையோடு. அக்காள் ஜாடை அப்படியே இருந்தது. சடையாண்டிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. குறட்டையை மட்டும் விடவில்லை.

மன்றத்தில் ஒரே கூத்து. வெடியைப் பற்றவைக்கப் போனவர்களை நல்லமுத்து விசில் அடித்து நிறுத்தினார். "போன தடவை சடையாண்டிக்கு எப்பத் தெரிஞ்சது? வியாழக்கிழமை. அதுவரைக்கும் அவன் காதுல போட்டா ஜெயிச்சது கெட்டுப்போவும்."

அன்றிலிருந்து ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. திங்கட்கிழமை எல்லோர் கையிலும் ஜிலேபி.

"எதுக்குண்ணே ஜிலேபி?" என்று கேட்டார் சடையாண்டி, தெரியாதவர் போல.

"செவலை ஜெயிச்சதுக்கு இல்ல," என்றார் நல்லமுத்து.

செவ்வாய்க்கிழமை பூவலிங்கமே பேசினான். "மாமா, ஜெயிச்சிட்டோம். வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ல வந்து எறங்குறேன்." சடையாண்டி சுற்றும்முற்றும் பார்த்தார். பத்தடி தூரத்தில் நல்லமுத்து நின்றுகொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா," என்று சத்தமாகச் சொல்லிப் போனை வைத்தார். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் மாலையோடு வந்து மில் வாசலில் நின்றார்கள். நல்லமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சடையாண்டி, மனசைத் திடப்படுத்திக்கோ. ஞாயித்துக்கிழமை செவலை ஜெயிச்சிருச்சு."

நாலு நாளாக அடக்கிவைத்தது சடையாண்டிக்கு வாயைத் தாண்டி வந்துவிட்டது. "ஆமாண்ணே, பய ரொம்ப எளைச்சிருக்கான்ல?"

மாலை நல்லமுத்துவின் கையிலேயே நின்றது.

"அவன் எளைச்சது ஒனக்கு எப்படித் தெரியும்?"

சடையாண்டி ஓட்டையைக் காட்டினார், பயல் இன்றைக்கு அஞ்சு மணி பஸ்ஸில் வருவதையும் சொல்லிவிட்டார். ஒவ்வொருவராக அதில் கண்ணை வைத்துப் பார்த்து, டிவி நன்றாகவே தெரிகிறது என்று உறுதி செய்துகொண்டார்கள். ஆலோசனை உடனே கூடியது.

"இவன் தூங்கல. அப்ப போன தடவை மாதிரி இல்ல. அப்ப செவலை ஜெயிக்கல," என்றார் நல்லமுத்து.

"டிவியில பாத்தோமே," என்றாள் குருவம்மா.

"ஓடினதத்தான் பாத்தோம். முறைப்படி ஜெயிச்சதப் பாக்கல."

"அப்ப என் பல்லு?" என்றார் வேலாயுதம்.

"ஒன் பல்லு சுத்தம். தூக்கத்துலதான் கோளாறு." நல்லமுத்து வெகுநேரம் யோசித்தார். சர்வீஸ் அனுபவம் கைகொடுத்தது. "வண்டியில டிக்கெட் எடுக்காம ஒருத்தன் வந்துட்டான்னு வை. எறங்குறதுக்குள்ள எடுத்துட்டா குத்தமில்ல. அதே மாதிரி, பூவலிங்கம் பஸ்ஸ விட்டு எறங்குறதுக்குள்ள இவன் தூங்கி முடிச்சிட்டா ஜெயிச்சது செல்லும்."

இதில் ஒரு குறையும் யாருக்கும் தெரியவில்லை. சடையாண்டிக்கே தெரியவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மறுபடியும் களி, மறுபடியும் தயிர், மறுபடியும் கட்டில். ஓட்டையில் சாக்கை வைத்து அடைத்தார்கள். கரண்ட் போயிருந்ததால் குருவம்மா மறுபடியும் வாசலில் நின்று மில் ஓட்டினாள்.

நாலு வருஷம் கழித்துப் பிள்ளை வருகிற நாளில் எந்த மனுஷனுக்குத் தூக்கம் வரும்? சடையாண்டி ஆயிரம் வரைக்கும் எண்ணினார். அரிசி மூட்டைகளை எண்ணினார். அஞ்சு மணிக்கு மில்லுக்கு எதிரே பஸ் வந்து நின்றது.

"எறங்காதப்பா," என்று நல்லமுத்துவின் குரல் கேட்டது. "நீ இன்னும் வரல." கூடவே இரண்டு விசில். விசில் கேட்டால் வண்டியை எடுத்துப் பழகிய டிரைவர் வண்டியை எடுத்தார். பஸ் கடைசி ஊருக்குப் போய் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் இரண்டு விசில்.

மூன்றாவது தடவை பஸ் வந்தபோது பூவலிங்கம் ஜன்னல் வழியே தலையை நீட்டி, தொண்டை கிழியக் கூப்பிட்டான். "மாமா!"

அந்தக் குரலை இத்தனை கிட்டத்தில் கேட்டு நாலு வருஷம். சடையாண்டியால் தாங்க முடியவில்லை. படுத்தபடியே, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மில் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

"நான் தூங்கிட்டேண்டா. நீ எறங்கு."

வெளியே குருவம்மா மில்லை நிறுத்திவிட்டாள். நல்லமுத்து யோசிக்கிறார் என்று சடையாண்டிக்குத் தெரிந்தது.

"நம்பாதப்பா," என்றார் நல்லமுத்து கடைசியில். "போன தடவையும் இப்படிச் சொல்லித்தான் ஏமாத்தினான்."

இரண்டு விசில் கேட்டது.