ஒசோகிவ்காவின் பெயர்களைக் கேட்ட மெலானியா

உக்ரைன் நாட்டுச் சிறு நகரம் ஒன்றின் மருத்துவமனையில், பிணவறைத் தரையைக் கழுவும் வேலை மெலானியா அம்மையாருடையது. விடிந்ததும் வாளியும் துடைப்பமுமாக உள்ளே போவார். கிடத்தியிருப்பவரின் கால்விரலில் கட்டிய அட்டையைப் படிப்பார். பெயரைச் சொல்லி, "தேவமாதாவே, இவரை உமது மேலாடையால் போர்த்தும்" என்று வேண்டுவார். அதன் பிறகே தண்ணீர் ஊற்றுவார். பெயர் தெரியாத உடல் வந்தால் அன்று அவர் உணவு தொடமாட்டார்.

அந்தக் கைகள் முன்பு இரண்டு நாவல்கள் எழுதியவை. ஒசோகிவ்கா அவர் பிறந்த ஊர். ஆட்சியாளர்கள் தானியம் முழுவதையும் வாரிக்கொண்டு போன குளிர்காலத்தில் அந்த ஊரே பட்டினியில் மாண்டது. கைக்குழந்தையாயிருந்த மெலானியாவை மட்டும் வெளியூர் அத்தை எடுத்துச் சென்று வளர்த்தார். மூன்றாம் நாவலில் அவர் அந்த ஊரை எழுதத் தொடங்கினார். வீடுகள் வந்தன, தெரு வந்தது. செத்தவர்களின் பெயர்களோ அவருக்குத் தெரியாது. பொய்ப்பெயர் வைக்க மனம் ஒப்பவில்லை.

பஞ்சம் என்ற சொல்லே குற்றமாயிருந்த காலம் அது. எழுத்தாளர் மாநாட்டில் அவர் மேடையேறி, "பஞ்சத்துல செத்தவங்க பேரை அரசாங்கம் வெளியிடணும். நாம கேக்காம வேற யாரு கேப்பா?" என்றார். மறுவாரம் கைது செய்தார்கள். எழுதியதையெல்லாம் அவர் கண்ணெதிரே எரித்தார்கள்.

"உங்க சாமி ஒரு பேரையாவது சொல்லிச்சா?" என்று சிரித்தார் விசாரணை அதிகாரி.

"சொல்லுவாங்க ஐயா. காத்திருக்கேன்."

வடக்கே, பனி உருகாத முகாமில் ஏழாண்டுச் சிறை. காகிதமில்லை. மரம் வெட்டப் போகும் வரிசையில் நடந்தபடியே நாவலை வாக்கியம் வாக்கியமாக மனத்தில் கட்டி, ஜெபம்போல் சொல்லிவந்தார். ஒரு நண்பகல். மூடுபனி. "ஆற்றங்கரை வீட்டில் வாழ்ந்தவள்..." என்று தொடங்கி, பெயர் இல்லாமல் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, பக்கத்து வீட்டுக்காரி போல ஒரு பெண்குரல் மெல்லச் சொன்னது:

"மோத்ரியா. மூணு பிள்ளைங்க."

திரும்பினார். வரிசையின் கடைசி ஆள் அவர்தான். காவல்நாய் மட்டும் வெற்றிடத்தைப் பார்த்து வாலை ஒடுக்கி முனகிக்கொண்டிருந்தது.

அம்மையார் சிலுவை போட்டுக்கொண்டு, "அடுத்த வீட்ல யாரும்மா?" என்று கேட்டார். அன்றுமுதல் நாள்தோறும் குரல்கள் வந்தன. கிழவர்கள் வந்தார்கள். இருமிக்கொண்டே சொன்னவர்கள் இருந்தார்கள். ஒரு குழந்தை, எங்கே மறந்துவிடுவாரோ என்று தன் பெயரையே ஒரு வாரம் திரும்பத் திரும்பச் சொன்னது. உடனிருந்த கைதிகள் அவரைப் பைத்தியக்காரி என்றார்கள். அடுத்த படுக்கை ஹன்னா இடம் மாறிப் போய்விட்டாள்.

"கோச்சுக்காதக்கா. நீ ஒருத்தி மூச்சு விட்டா நிறைய பேர் மூச்சு விடுற சத்தம் கேக்குது."

விடுதலையான பிறகு எழுதும் உரிமை இல்லை. பிணவறை வேலைதான் கிடைத்தது. பயன்படாத மருத்துவப் படிவங்களின் பின்பக்கத்தில் நாவலை, குரல்கள் சொன்ன முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களோடும், அவர் எழுதி முடித்தார். ஆட்சி ஆட்டம் கண்டு மக்கள் தெருவுக்கு வந்தபோது, சதுக்கத்தில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று அந்தப் பெயர்களை வாசித்தார். நாவல் அச்சானது. "இல்லாத ஊருக்கு இட்டுக்கட்டிய பெயர்கள்" என்று பத்திரிகைகள் ஏளனம் செய்தன. அம்மையார் பதில் எழுதவில்லை. மறுநாளும் வாளியோடு வேலைக்குப் போனார்.

ஓராண்டு கழித்து, அறுபது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஆவண அறை ஒன்றைத் திறந்தார்கள். ஒசோகிவ்கா கோயிலின் மரணப் பதிவேடு கிடைத்தது. தம் கடைசி மூச்சுவரை அந்த ஊர்ப் பாதிரியார் எழுதிவைத்தது அது. அதைப் பிரித்துப் பார்த்த நகரத்துப் பாதிரியார் ஹவ்ரிலோ, அம்மையாரை அழைத்துவரச் செய்தார். பாதிரியாரின் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, உங்க புத்தகத்துல இருக்கிற எல்லாப் பேரும் இதுல இருக்கு. வரிசைகூட மாறல. ஆனா இதுல ஒரு பேர் கூடுதலா இருக்கு."

கடைசி வரியில், 'மெலானியா, நான்கு மாதம்' என்றிருந்தது.

அம்மையார் குனிந்து அந்த வரியைப் படித்தார். பிறகு, "எங்க அத்தை என்னைப் பிணவண்டியிலேருந்துதான் எடுத்தாங்க, சாமி. குழிக்குப் போற வழியில அழுதேனாம்" என்றார்.

அந்தப் பெயர் ஒரு கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. பாதிரியார் தொட்டார். மை விரலில் ஒட்டியது. அருகே, ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு கையெழுத்தாக, ஈரம் உலராமல் ஒரு குறிப்பு இருந்தது: 'தேவமாதாவிடம் இவள் உயிரைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். இவள் இருக்கட்டும். எங்களைச் சொல்ல ஒருத்தி வேண்டும்.'

மெலானியா முழந்தாளிட்டு அந்த ஏட்டின்மீது நெற்றியை வைத்தார். தமக்கென்று எதுவும் கேளாமல், மறைந்தவர்களுக்கு வாயாயிருந்த அந்த அம்மையாரின் தொண்டு, நினைப்பவர் நெஞ்சையெல்லாம் நனைப்பதாகும்.