ரத்ததான முகாமில் நாற்பதாவது கை

ரத்ததான முகாமுக்கு மேடை உண்டு, மாலை உண்டு, மத்தியானம் கலெக்டரும் வருகிறார், படுக்கைகளில்தான் ஆளில்லை. சேவைச் சங்கத் தலைவர் தனசிங், அரங்கம் பெருக்கும் அமலியிடம் பாய்ந்தார்.

"பன்னிரண்டு மணிக்குள்ள நாற்பது பேர் ரத்தம் கொடுக்கணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"ஆகட்டும் ஐயா" என்றவள் நேரே போய் மைக்கைப் பிடித்தாள். "சங்கத்து ஐயாமாரே! கையில பஞ்சு ஒட்டினவங்களுக்குத்தான் கலெக்டரோட போட்டோ. தலைவர் உத்தரவு!"

போட்டோ என்றால் விடுவார்களா? கோட்டைக் கழற்றிக்கொண்டு முண்டியடித்தார்கள்.

கலெக்டர் கார் வந்து நின்றபோது கணக்கு முப்பத்தொன்பது.

"ஒண்ணு குறையுதே!" என்று உறுமினார் தலைவர்.

"என்னையும் சேர்த்து எல்லாரும் கொடுத்தாச்சு. உங்க கைதான் பாக்கி, ஐயா!"

பஞ்சு ஒட்டிய சங்கமே திரும்பிப் பார்த்தது. இருபது வருடமாக ரத்ததானத்தின் பெருமை பேசிய தலைவர், முதன்முதலாகச் சட்டைக்கையைச் சுருட்டினார்.