முற்றத்தில் நின்றவர்கள்

கடலோரத்தில், மனம் கலங்கியவர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் வீடு ஒன்று இருந்தது. அதை நடத்திவந்த வைத்தியர் தங்கநாச்சி நடுவயதைக்கூட எட்டாதவர். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த மாசானமோ, சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை முழுக்க நரை.

வந்த புதிதிலேயே மாசானம் கேட்டார், வெறி பிடித்து அடிக்க வருகிறவனைக் கட்டிப்போடாமல் எப்படிச் சமாளிப்பது என்று. தங்கநாச்சி அடுப்பில் கொதித்த கஷாயத்தை இறக்கி வைக்கச் சொன்னார்.

அந்த வீட்டில் செபஸ்தியான் என்ற மீனவர் இருந்தார். புயலில் படகு கவிழ்ந்து, கூடப் போனவர்கள் எல்லோரும் இறந்துபோக, அவர் மட்டும் கரை சேர்ந்திருந்தார். அதற்குப் பிறகு, இறந்தவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

ஒரு நண்பகலில் காற்று அடியோடு நின்றுபோனது. அலைச் சத்தம்கூட இல்லை. முற்றத்தில் படுத்திருந்த நாய் எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தது. முற்றத்தில் யாரும் இல்லை.

சமையலறை வாசலில் செபஸ்தியான் கத்தியோடு நின்றார். அவருக்குப் பின்னால், சமையல் செய்யும் எஸ்தர் சுவரோடு ஒட்டி நின்றார். கிட்ட வந்தால் குத்திவிடுவேன் என்றார் செபஸ்தியான். வெறும் முற்றத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

மாசானம் கயிற்றோடு ஓடிவந்தார். அவர் பின்னால் பணியாட்கள். அவர்களைக் கண்டதும் செபஸ்தியான் கத்தியை இன்னும் உயர ஓங்கினார்.

அப்போது தங்கநாச்சி வந்தார். பணியாட்களை வெளியே போகச் சொன்னார். மாசானத்திடம், கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்காரச் சொன்னார். பிறகு முற்றத்தின் ஓரத்தில் நின்று கேட்டார்.

"எங்க நிக்காங்க, அண்ணே?"

செபஸ்தியான் அவரை உற்றுப் பார்த்தார். அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"நடுவுல. துணியெல்லாம் சொட்டுது."

"நான் உங்ககிட்ட வரணும். எந்தப் பக்கமா வரட்டும்?"

அவர் கத்தி முனையால் சுவரோரத்தைக் காட்டினார். தங்கநாச்சி சுவரை ஒட்டி நடந்தார். ஓரிடத்தில், "கால் நீட்டிக் கெடக்கான், பாத்து" என்றார் செபஸ்தியான். தங்கநாச்சி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வெறும் தரையைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்தார்.

கை எட்டாத தூரத்தில் நின்று, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தார்.

"எஸ்தரக்காவக் கூட்டிட்டுப் போகணுங்கானுவ. விடமாட்டேன். அன்னைக்குத்தான் என்னால ஒருத்தனையும் பிடிச்சு நிறுத்த முடியல."

மாசானம் அப்போதுதான் கவனித்தார். கத்தி ஒரு தடவைகூட எஸ்தர் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

எஸ்தரைத் தானே முன்னறைக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டுமா, அவருக்குச் சம்மதமா என்று தங்கநாச்சி கேட்டார். செபஸ்தியான் நெடுநேரம் யோசித்தார். பிறகு வாசலை விட்டு விலகினார். எஸ்தரும் தங்கநாச்சியும் சுவரோரமாக நடந்து முன்னறைக்குள் போகும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தார். அதற்கப்புறம் கத்தியை அவராகவே தரையில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

தங்கநாச்சி திரும்பி வந்து கத்தியை எடுத்துக்கொண்டார். போய்விட்டார்களா என்று கேட்டார்.

"இல்ல. அவனுவளும் உக்காந்துட்டானுவ."

மருந்து அறைக்குத் திரும்பிய தங்கநாச்சியின் பின்னாலேயே மாசானம் வந்தார். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"நீங்க அவங்களப் பாத்தீங்களாம்மா?"

"இல்ல, அண்ணாச்சி."

"பொறவு எதுக்குத் தாண்டிப் போனீங்க?"

"அவர் பாத்துக்கிட்டு இருந்தாரே."

மாசானம் அவர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

"குத்தியிருந்தா?"

"குத்தியிருக்கலாம்." தங்கநாச்சி தண்ணீர்க் குவளையை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார். "கயித்தோட போயிருந்தாலும் குத்தியிருக்கலாம்."

வெளியே இன்னும் காற்று வரவில்லை. மாசானம் வாசல் வழியே முற்றத்தை எட்டிப் பார்த்தார். செபஸ்தியான் படியில் உட்கார்ந்து, எதிரே இருந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க எப்பம்மா போவாங்க?"

"தெரியாது. அத்தன பேருக்கு நடுவுல அவர் தனியா உக்காந்திருக்கார், அண்ணாச்சி. போய்ப் பக்கத்துல இருங்க."