ஆமென் சொல்லாத ஜெபம்

ஆசீர்வாதம் உபதேசியார் கோபத்தோடு வந்தார். சாதாரணக் கோபம் இல்லை. அப்போஸ்தலர் யோவான் மேலேயே கோபம்.

"அம்மா, யோவான் இப்படி எழுதலாமா?" என்றார்.

சபையின் போதகர் ரூபாவதி ஆயரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

ஆசீர்வாதம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இல்லாமலே பஸ்ஸை நிறுத்துகிற குரல். ஊழியம் செய்ய வேண்டும் என்ற ஆசையில் ஆயரம்மாவிடம் வேதம் படிக்க வந்திருந்தார். அதற்குள்ளேயே ஊர் அவரை உபதேசியார் ஆக்கிவிட்டது. வயதில் இவர்தான் மூத்தவர். ஆனாலும் பாடம் சொல்வது அந்த அம்மா, கேட்பது இவர். அவருக்கு இவர் அண்ணாச்சி, இவருக்கு அவர் அம்மா.

"என்ன எழுதிட்டாரு அண்ணாச்சி?"

"சகோதரன் பாவம் செய்யுததைப் பார்த்தா அவனுக்காக வேண்டிக்கிடணுமாம். சரி. ஆனா மரணத்துக்கு ஏதுவான பாவம்னு ஒண்ணு இருக்காம். அதுக்காக வேண்டிக்கிடச் சொல்ல மாட்டாராம். அன்பு, அன்புன்னு கடுதாசி முழுக்க எழுதிட்டு, கடைசியில இப்படிக் கதவைச் சாத்துனா எப்படி? நான் எல்லாருக்காகவும் ஜெபம் பண்ணுதவன். சாமிதாஸ் முதலாளிக்காகவே பண்ணுதேன்!"

சாமிதாஸ் பேரைச் சொன்னதும் ஆயரம்மா முகம் இறுகியது.

சாமிதாஸுக்கு நைட்டி தைக்கிற கம்பெனி இருந்தது. போன மாதம் அதில் தீப்பிடித்தது. பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். துணி திருட்டுப் போகிறது என்று அதைப் பூட்டி வைத்திருந்தார் முதலாளி. புகையில் தடுமாறி, முன்பக்கமாக எப்படியோ வெளியே வந்தார்கள். பட்டன் கட்டுகிற எப்சிபா மட்டும் வரவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

அடக்க ஆராதனையில் சாமிதாஸ் தரையில் விழுந்து அழுதார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அழுதார். பொய் அழுகை என்று சொல்ல முடியாது. ஆசீர்வாதம் அவர் தோளில் கைபோட்டு, கூடவே அழுது, ஜெபம் பண்ணினார். அப்படி உருகியவருக்கு இந்த வசனம் பொறுக்குமா?

"அது என்ன பாவம்னு பேரைச் சொல்லுங்க அம்மா. கொலையா, விபசாரமா, தெய்வ நிந்தனையா?"

"வெள்ளிக்கிழமை சாமிதாஸ் கம்பெனியைத் திரும்பத் திறக்காரு. ஜெபம் பண்ண என்னைக் கூப்பிட்டிருக்காரு. நீங்களும் வாங்க."

கேட்ட கேள்விக்கு இதுவா பதில் என்று முணுமுணுத்தபடி போனார் ஆசீர்வாதம்.

வெள்ளிக்கிழமை வாசலில் பந்தல். சிவப்பு ரிப்பன். மேசைமேல் கேக். சுவரில் புதுத் தீயணைப்பான் தொங்கியது. அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. வேலைக்கு வந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஆசீர்வாதத்தின் மருமகள் ராணியும் ஒருத்தி.

ஆயரம்மா ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். எல்லாரும் திகைத்தார்கள். ஆசீர்வாதம் பின்னாலேயே ஓடினார்.

பின்கதவு புதிது. நீல பெயிண்ட் பளபளத்தது. பூட்டும் புதிது. ஆயரம்மா அதை இழுத்துப் பார்த்தார். திரும்பி வாசலுக்கு வந்தார்.

"அந்தக் கதவு ஏன் பூட்டியிருக்கு?"

சாமிதாஸ் நெளிந்தார். "துணி போகுதும்மா. அசந்தா கட்டுக்கட்டா போயிருது. சாவி எங்கிட்டதான் இருக்கு. பயப்படாதீங்க."

"அன்னைக்கும் உங்ககிட்டதான இருந்துச்சு?"

சாமிதாஸ் தலையைக் குனிந்தார். கண் கலங்கிவிட்டது. "அந்தப் பாவத்துக்காகத்தான் ஜெபம் பண்ணச் சொல்லுதேன். இனிமே ஒண்ணும் நடக்காம ஆண்டவர் பாத்துக்கிடணும்."

ஆயரம்மா வேதப் புத்தகத்தை மூடினார். பெண்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் ஜெபம் பண்ணல."

கூட்டம் சலசலத்தது. ஆசீர்வாதத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அம்மா! அழுதுக்கிட்டு நிக்கிற மனுஷனுக்கு மாட்டேன்னு சொல்லுதீங்களே, இது என்ன நியாயம்? சத்துருவுக்காகக்கூட ஜெபம் பண்ணணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது நீங்கதான?"

"அப்ப நீங்க பண்ணுங்க அண்ணாச்சி."

"பண்ணத்தான் போறேன்!"

ஆசீர்வாதம் முன்னால் வந்து நின்றார். பெண்கள் முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடினார்கள். அவரும் மூடினார். குரல் தெரு முனை வரை போனது.

"எங்கள் அன்பின் பரம தகப்பனே! இந்த வேளைக்காக ஸ்தோத்திரம். இந்தத் தொழிலகத்தை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். இங்கே உழைக்க வந்திருக்கிற பிள்ளைகளைத் தீயும் புகையும் அணுகாதபடி, நீர்தாமே இறங்கி வந்து, நீர்தாமே..."

நீர்தாமே வந்து என்ன செய்யும் என்று கேட்பது? நீல பெயிண்ட் அடித்த அந்தக் கதவு கண்ணுக்குள் வந்து நின்றது. வாய் மேலே போகவில்லை.

கண்ணைத் திறந்தார்.

எல்லாரும் கண்ணை மூடி ஆமெனுக்காகக் காத்திருந்தார்கள். ராணியின் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாமிதாஸும் கண்ணை இறுக மூடியிருந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஒரு கை மட்டும் சாவி கிடந்த சட்டைப்பையைப் பொத்திப் பிடித்திருந்தது.

ஆசீர்வாதம் அந்தக் கையையே பார்த்தார். இந்த மனுஷன் தோளிலா கைபோட்டு அழுதோம்?

சாமிதாஸ் ஒரு கண்ணைத் திறந்தார்.

"உபதேசியாரே, ஆமென் சொல்லி முடிங்க. நல்ல நேரத்துல மிஷின் ஓட்டணும்."

ஆசீர்வாதம் பெண்களின் வரிசையைப் பார்த்தார். "ராணி, இங்க வா" என்றார். மருமகள் வரிசையை விட்டு வந்து அவர் பின்னால் நின்றாள். மற்ற பெண்களும் கண்ணைத் திறந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவர் ஆயரம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா, யோவான் சொன்ன பாவம் இதானா?"

"பாவத்துக்குப் பேர் வைக்க நான் யாரு அண்ணாச்சி? யோவானே வைக்கல. இவருக்காக எப்சிபாவை அடக்கம் பண்ணின அன்னைக்கும் ஜெபம் பண்ணினேன். இன்னைக்குக் காலையிலயும் பண்ணிட்டுத்தான் வந்தேன். ஆனா இந்தக் கதவுக்காக ஆண்டவர்கிட்ட நான் எதைக் கேக்க? சாவி ஆண்டவர்கிட்டயா இருக்கு?"