கூப்பிட்ட பேரு

பெரம்பூர்ல ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில ஃப்ளாரன்ஸ் டீச்சர் இங்கிலீஷ் பேசக் கத்துக்குடுத்தாங்க. படிக்க வந்தவங்க எல்லாருக்கும் வெளிநாடு போகணும். பொன்னுரங்கம் மட்டும் எங்கயும் போறதா இல்ல. டீச்சருக்கு அப்பா வயசு. ஆனா அவங்க உள்ள வந்தா முதல்ல எந்திரிச்சு நிக்கிறது அவருதான்.

ஒரு நாள் கிளாஸ் முடிஞ்சும் அவரு போகல.

"டீச்சர், டூட்னா என்ன?"

"யாரு சொன்னா?"

"பையன். கனடாவுல இருக்கான்." போனை நீட்டுனாரு.

'சாப்டியா டூட்?'னு இருந்துச்சு. போன வாரம் வந்தது.

"பதில் போட்டீங்களா?"

"அர்த்தம் தெரியாம எப்படி? திட்டா இருந்தா?"

டீச்சர் சிரிக்கல. "அந்தக் காலத்துல அமெரிக்காவுல, ரொம்ப டிரெஸ் பண்ணிக்கிட்டுத் திரியிற மைனருங்களைக் கிண்டல் பண்ண வச்ச பேரு. அதுக்கு முன்னாடி எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது."

பொன்னுரங்கம் குனிஞ்சு தன் சட்டையைப் பாத்தாரு. காலர் நைஞ்சிருந்துச்சு.

"அப்ப நான் இல்ல."

"அப்புறம் கூட்டாளிங்க கூப்பிட்டுக்கிற பேராயிருச்சு. நம்ம மச்சி மாதிரி."

"பெத்த அப்பன் மச்சியா?"

"முன்னாடி உங்களை என்னன்னு கூப்பிடுவான்?"



"கூப்பிட்டதில்ல டீச்சர். எதுன்னாலும் அவங்கம்மாகிட்டதான். போன்ல, 'அப்பா சாப்டாச்சான்னு கேளு'ம்பான். நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். அவ என்னைப் பாத்துக் கேப்பா. நானும், 'ஆச்சுன்னு சொல்லு'ம்பேன்."

"அவங்க?"

"தை மாசம் தவறிட்டா. அதுக்கப்புறம் போன் அடிக்கல. நான் சார்ஜ் மட்டும் போட்டு வைப்பேன்."

கீழ ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்னுச்சு.

"உங்க அப்பாவை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க சார்?"

"ஐயோ. எதிர்ல நின்னதே இல்லையே. எல்லாம் எங்கம்மா வழியாத்தான். கடைசி வரைக்கும்."

டீச்சர் போனை அவரு கையிலயே திருப்பி வச்சாங்க.

"சாப்டீங்களா சார்?"

"இன்னும் இல்ல டீச்சர்."

"அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?"