ஆணையர் அறை எது?

ஜெசிந்தாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பத்திரிகை நிருபர், மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்றால் முதல் ஆளாக நிற்பாள். புது நகராட்சிக் கட்டடத்தில் பார்வையற்றவர்கள் தனியாக நடமாட முடியாது என்று அவள் எழுதியதும், ஆணையர் தணிகாசலம் கொதித்துப்போய் நிருபர்களைக் கூட்டினார்.

"பன்னிரண்டு கதவிலும் பிரெயில் பலகை மாட்டியாச்சும்மா. யாரையும் கேட்காம என் அறைக்கு வாங்க. வந்துட்டா, எழுதினது பொய்னு மன்னிப்புப் போடணும். வரலைன்னா, உங்களுக்குப் படிக்கத் தெரியலைன்னு அர்த்தம்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஜெசிந்தா முதல் பலகையைத் தடவினாள். இரண்டாவதைத் தடவியதும் புருவம் சுருங்கியது. அப்புறம் ஆவலோடு ஒவ்வொரு கதவாகப் போனாள். நிருபர்கள் பின்னாலேயே போனார்கள். கடைசிக் கதவையும் தடவிவிட்டு, மெல்லத் தட்டினாள்.

ஆணையர் கதவைத் திறந்தார். "பார்த்தீங்களா, வந்துட்டாங்க!"

ஜெசிந்தா ஓரடி பின்வாங்கினாள். "ஐயையோ, நீங்களா சார்? பெண்கள் கழிப்பறைக்குள்ள என்ன பண்றீங்க?"

"என்னது?"

"பலகையில அப்படித்தான் சார் இருக்கு. பன்னிரண்டு கதவுலயும் அதேதான்."

ஆணையர் தன் கதவுப் பலகையைத் தடவினார். ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவைத் தடவினார். புள்ளிக்குப் புள்ளி ஒன்றுதான்.

பலகைகளை மாட்டிய நகராட்சிப் பொறியாளர் தலையைச் சொறிந்தார். "ஒரே ஒரு மாதிரிதான் சார் கையில இருந்துச்சு. யாரு படிச்சுப் பார்க்கப் போறாங்கன்னு..."

ஜெசிந்தா விரலால் படித்துச் சரி என்று சொன்ன பிறகே புதுப் பலகைகள் மாட்டப்பட்டன. அதுவரை பதினொரு நாளும், ஆணையரைப் பார்க்க வந்த ஆண்கள் வாசலில் நின்று, "உள்ளே வரலாமா சார்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் நுழைந்தார்கள்.