ஆவுடைத்தங்கம் எடுத்த காப்பி

பட முதலாளி செண்பகராமன் முக்கூடலில் காரைவிட்டு இறங்கினார். "உங்க ஊர் ஆத்துல எடுத்த படம்தான். ஆனா டிஸ்க் வெளிநாட்டுக்குன்னே பூட்டினது. இங்க உள்ள கம்ப்யூட்டர்ல ஓடாது, காப்பியும் எடுக்க முடியாது. எடுத்துட்டா இந்த வைர மோதிரம் உங்களுக்கு!" என்று மார்தட்டினார். தான் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டினார்.

படம் முடிந்ததும் ஊர்க் கம்ப்யூட்டர்க்காரர்கள் டிஸ்க்கோடு முட்டி மோதிப் பார்த்தார்கள். பூட்டு அசையவில்லை.

படம் ஓடும்போது டீ கொடுத்துக்கொண்டே பார்த்திருந்த ஆவுடைத்தங்கம், "நான் எடுத்துட்டேன் ஐயா" என்றாள்.

"எதுல எடுத்தே? காட்டலைன்னா கால்ல விழணும்!"

"வாங்க, காட்டுதேன்."

வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். படத்துக்குப் போனால் கூலி போய்விடும். அதனால் ஒருத்தி பார்த்துவந்து மற்றவர்களுக்குச் சொல்வது அங்கே வழக்கம்.

ஆவுடைத்தங்கம் முந்தியைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். அவள் தொண்டையில் ரயில் கூவியது. விரல்களில் மழை பெய்தது. பிள்ளையைக் கரையேற்றிவிட்டுத் தாய் வெள்ளத்தோடு போனபோது, இடி விழுந்தாலும் நிற்காத அத்தனை கைகளும் நின்றுபோயின.

செண்பகராமன் எத்தனையோ முறை பார்த்த படம். அந்த ஆறு அவ்வளவு ஆழம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கதை முடிந்ததும் சுதாரித்துக்கொண்டு, "இதெல்லாம் ஒரு காப்பியா?" என்று அதட்டினார்.

"இல்லைன்னா, யாரு செத்ததுக்கு ஐயா கண்ணைத் தொடைக்கிறிய?"